கல்லீரல் என்று எழுதிய பொட்டலங்கள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதுவாகவே என் மேசைக்கு வந்தது. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மாநிலத் தலைநகரிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்த காலஹன் என்ற இளம் அரசு வழக்கறிஞர், ஒரு மனுவை இரண்டு பிரதிகளாக என் முன்னால் வைத்தார். நான் அதன் மேல் தேதி முத்திரை குத்தினேன். மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில் பதினாறு வருஷமாக முத்திரை குத்துவதுதான் என் பிழைப்பு.

எந்த மாநிலம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் நடுவில், வடக்கே, குளிர் அதிகம், ஆட்கள் குறைவு. கதை நடக்கும் ஊர் நீதிமன்றத்திலிருந்து அரை மணி நேரம், அதன் பெயரைக் கிரன்டால் என்று வைத்துக்கொள்வோம். மனுவின் முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: மாநில நிதி நிறுவனக் கண்காணிப்புத் துறை, மனுதாரர். எதிர் மனுதாரர், டெல்மர் ஷாட்ஸ், கசாப்புக் கடைக்காரர். உரிமம் இல்லாமல் வங்கி நடத்துவதால் அவரைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது கோரிக்கை.

கசாப்புக் கடைக்காரர் வங்கி நடத்துகிறார் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். (இப்போதே சொல்வதுதான் நியாயம். ஆனால் இப்போதே சொன்னால் மேற்கொண்டு நான் எழுதுவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "சட்டம் என்பது ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்று என்று டெல்மர் கத்தியைத் தீட்டியபடியே நினைத்துக்கொண்டார்." டெல்மர் அப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை. கத்தி தீட்டும்போது அவர் கத்தியைப் பற்றித்தான் நினைப்பார். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "துறையின் மூத்த ஆய்வாளர் கோரீன் ஹால்வர்சன் கடமை தவறாதவர். அவருடைய கண்களில் ஒரு—" கண்களில் என்ன? நான் அந்தப் பெண்மணியை மொத்தம் ஒன்றரை மணி நேரம் சாட்சிக் கூண்டில் பார்த்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அதற்கு மேல் கண்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது: "ஆர்விட் செத்துப்போனார்." இது மட்டும் நிற்கிறது. இதிலிருந்தே போகிறேன்.

3

ஆர்விட் செத்துப்போனார். எண்பத்தாறு வயது, தனிக்கட்டை, காது சுத்தமாகக் கேட்காது. ஒரே மகள் ரெனே, எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு நகரத்தில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை வந்தாள். சனிக்கிழமை காலை அடக்கம். அது முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை சாண்ட்விச், உருளைக்கிழங்கு, காப்பி. ஊர் மொத்தமும் அங்கே இருந்தது. டெல்மரும் இருந்தார். சாண்ட்விச்சுக்கு இறைச்சி கொடுத்ததே அவர்தான்.

டெல்மரின் கடைக்குப் பின்னால் ஒரு பெரிய குளிர்க்கிடங்கு உண்டு. ஊரார் அதை லாக்கர் என்பார்கள். நகை வைக்கும் லாக்கர் அல்ல, மான்கறி வைக்கும் லாக்கர். சுவரோடு சுவராக நூற்று எண்பது பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி, டெல்மரிடம் ஒரு மறு சாவி, வருஷ வாடகை. வேட்டையாடிய மானையும் வளர்த்த மாட்டையும் டெல்மர் வெட்டி, வெள்ளைத் தாளில் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று கறுப்பு மையால் எழுதி அடுக்கித் தருவார். தொடைக்கறி, கொத்துக்கறி, எலும்பு என்று.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கிரன்டாலில் இருந்த ஒரே வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். அடுத்த கிளை நாற்பத்தொரு மைல் தள்ளி. ஜனவரியில் பாதி நாள் அந்தச் சாலை பனியில் மூடிக் கிடக்கும். அந்த வருஷமே யாரோ ஒருவர் பணத்தை வெள்ளைத் தாளில் சுற்றித் தன் பெட்டியில் வைத்தார். மேலே "கல்லீரல்" என்று எழுதினார். கல்லீரலை யார் திருடப் போகிறார்கள்? அடுத்த குளிர்காலத்துக்குள் அந்தக் கிடங்கில் இருந்த கல்லீரலைப் பார்த்தால் ஊரில் ஒவ்வொரு மாட்டுக்கும் நாலைந்து கல்லீரல் இருந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை.

அடக்கத்தன்று டெல்மர் ரெனேயின் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்பா பெட்டியில் பதினோரு கல்லீரல் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் செத்தவரின் பணத்தைப் பற்றி அடக்கச் சாப்பாட்டில் பேசுவது அந்த ஊரில் மகா அநாகரிகம். பேசினால் பெண்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று டெல்மர் விட்டுவிட்டார்.

ரெனே சனிக்கிழமை மாலையே அப்பாவின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைக் காலி செய்தாள். நல்ல கறியைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தாள். பழைய கல்லீரல் பதினொன்றையும் குப்பைத்தொட்டியில் போட்டாள். திங்கட்கிழமை விடிந்ததும் குப்பை வண்டி வந்து போய்விட்டது. டெல்மர் வந்து சொன்னபோது அவள் பயணப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்படியே புல் தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்வி. பிறகு தலைநகருக்குப் புகார் எழுதினாள். அவள் மேல் எனக்குக் கோபம் வருகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. பாவமாகத்தான் இருக்கிறது.

[பக்கக் குறிப்பு: எவ்வளவு பணம் என்று கேட்பீர்கள். ஆர்விட்டுக்கு மட்டும்தான் தெரியும்.]

4

இனி கோரீன். இவள்தான் என்னைப் படுத்துகிறவள். கதையில் அவளை "அவள்" என்றே எழுதுகிறேன். நேரில் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

புகார் அவளிடம் போனது. செப்டம்பரில் ஒரு நாள் காலை கிரன்டாலுக்கு வந்தாள். அடையாள அட்டையைக் காட்டினாள். டெல்மர் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, போட்டோவில் இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். காப்பி வேண்டுமா என்றார். வேண்டாம் என்றாள். ஆய்வுக்குப் போகும் இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது துறையின் விதி. புகைபோட்ட சாசேஜ் ஒரு துண்டு வெட்டி நீட்டினார். அதுவும் வேண்டாம் என்றாள். அதையே தாளில் சுற்றி, வழிக்கு எடுத்துப் போகச் சொன்னார். மூன்றாவது தடவையாக மறுத்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் மூன்று தடவை மறுப்பது கிட்டத்தட்ட வசவு.

கிடங்கைச் சுற்றிப் பார்த்தாள். வாடகைப் பதிவேட்டைப் பார்த்தாள். பெட்டி வாடகைக்கு விடுவது குற்றமில்லை. உள்ளே வாடகைக்காரர் எதை வைத்தாலும் அது அவர் பாடு. இதில் வங்கி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டாள்.

அப்போதுதான் டெல்மர் அந்தக் கதையைச் சொன்னார். ஊருக்கே தெரிந்த கதை. எனக்கும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைஸ் குடும்பத்தின் வீட்டில் சூடேற்றும் எரிவாயு தீர்ந்துவிட்டது. மூன்று சின்னப் பிள்ளைகள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது. எரிவாயு வண்டிக்காரன் கையில் காசு வைத்தால்தான் நிரப்புவேன் என்றான்.

"மூணு பெட்டியிலேர்ந்து மூணு கல்லீரல எடுத்துக் குடுத்தேன்," என்றார் டெல்மர். "ஈஸ்டருக்குள்ள திருப்பிக் குடுத்துட்டாங்க. ஆளுக்கு ஒரு ருபார்ப்-பை இனிப்பும் சுட்டுக் குடுத்தாங்க."

"பெட்டிக்காரங்கள கேட்டீங்களா?" கோரீன் கேட்டாள்.

"ரெண்டு பேருக்குப் போன் போட்டேன்."

"மூணாவது ஆளு?"

டெல்மர் கறித்துண்டைத் தாளில் சுற்றி, முனையை மடித்து, நாடாவை ஒட்டினார்.

"ஆர்விட்தான். அவருக்குப் போன் அடிச்சா கேக்காது. சரின்னுதாம்மா சொல்லியிருப்பாரு. அவர எனக்கு அம்பது வருஷமாத் தெரியும்."

"அப்புறமாவது சொன்னீங்களா?"

"அந்த இனிப்பக் குடுத்தப்ப சொன்னேன். கேட்டுச்சோ என்னமோ. நல்லா சாப்ட்டாரு."

கோரீன் காரில் ஏறிக் கால் மணி நேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள் என்று டெல்மர் பிறகு சொன்னார்.

(இங்கே அவள் மனதில் ஓடியதை ஒரு பக்கம் எழுதினேன். பெரிய சொற்களெல்லாம் வந்தன. கிழித்துவிட்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நான்கு வருஷத்துக்கு முன்னால் கிரன்டால் கிளையை மூடலாமா என்று துறை பரிசீலித்தபோது, "ஊராருக்குப் போதிய மாற்று வசதிகள் உள்ளன" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் கோரீன். அந்த அறிக்கை மனுவின் பின்னிணைப்பில் இருக்கிறது. அதன் மேலும் நான்தான் முத்திரை குத்தினேன்.)

ஒருவரின் பணத்தை வாங்கி வைத்திருப்பது ஒன்று. அதை அவரைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கடனாகக் கொடுப்பது வேறொன்று. இரண்டாவதைச் செய்தால்தான் வங்கி. டெல்மர் செய்துவிட்டார். ஒரே ஒரு தடவை, மூன்று பிள்ளைகள் விறைத்துப் போகாமலிருக்க. கோரீன் அதைத் தன் பிரமாணப் பத்திரத்தில் எழுதவில்லை. பொய்யும் எழுதவில்லை. பெட்டிகள் இருக்கின்றன, பொட்டலங்கள் இருக்கின்றன, ரெனேயின் பணம் போய்விட்டது என்று மட்டும் எழுதினாள்.

ஏன் எழுதவில்லை? நோட்டுப் புத்தகத்தை மூடிய பிறகு சொன்னதால் அது வாக்குமூலம் இல்லை என்று நினைத்தாளா? வெட்கமா? சாசேஜைத் தின்னாமல் வந்ததற்குப் பரிகாரமா? மூன்றும் சரியாகப் படுகிறது, மூன்றும் பொருந்தவும் இல்லை. ஒரு பாத்திரத்தைப் படைத்தவனுக்கே அவளைப் புரியவில்லை என்றால் கதையை நிறுத்திவிட வேண்டும் என்பார்கள். ஆனால் அவளை நான் படைக்கவில்லையே.

5

சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். துறைக்குக் கடிதம் எழுத அதிகாரம் உண்டு. எழுதியது. நிறுத்து என்று இரண்டு கடிதம். டெல்மர் இரண்டையும் கடைச் சுவரில் மான் வேட்டை அனுமதி அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். ஆனால் பூட்டுப் போடத் துறையால் முடியாது. அதற்கு நீதிமன்றத்துக்கு வர வேண்டும். சட்டமீறல் நடந்தது என்று காட்டினால், எதிர்த்தரப்புக்குச் சொல்லாமலேகூட இடைக்காலத் தடை வாங்கலாம். பெட்டிகளைச் சீல் வைக்கலாம். பொறுப்பாளர் ஒருவரை நியமித்து ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்கலாம். சீல் வைத்தால் டெல்மரின் தொழில் அன்றோடு சரி. அந்தச் சனிக்கிழமை மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. அந்த மூன்று வாரத்து வருமானத்தில்தான் அவர் வருஷம் முழுக்கக் கடையை ஓட்டுகிறார். சீல் வைக்காவிட்டால் இன்னொரு ஆர்விட், இன்னொரு ரெனே. இதில் யார் பக்கம் நிற்பது என்று என்னைக் கேட்காதீர்கள். திங்கட்கிழமை ஒரு பக்கமும் புதன்கிழமை மறு பக்கமும் நின்றிருக்கிறேன்.

6

நீதிபதி லிண்ட்ஹோம் உடனடித் தடை தர மறுத்து, வியாழக்கிழமை இரு தரப்பையும் வரச் சொன்னார். செவ்வாய் மதியமே நோட்டீஸ் டெல்மருக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. டெல்மர் வெளுத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று நீதிபதி கேட்டதற்கு, ஊரில் இருக்கிற ஒரே வக்கீலுக்கும் தன்னிடம் பெட்டி இருக்கிறது, அவரைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று நினைத்தேன் என்றார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நானும் ஒண்ணு சொல்லிடறேன். அங்க எனக்கும் ஒரு பெட்டி இருக்கு. பாதி மான் இருக்கு. யாருக்காவது ஆட்சேபம்னா சொல்லுங்க, வேற நீதிபதிக்கு அனுப்பிடறேன்."

காலஹன் எழுந்தார். மான் மட்டும்தானா என்று கேட்க வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார், ஆட்சேபம் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அடுத்த நீதிபதி நூற்றுப்பத்து மைல் தள்ளி இருக்கிறார், வழக்கு அங்கே போனால் ஜனவரி ஆகிவிடும்.

ரெனே பேசினாள். அழாமல் பேசினாள். டெல்மர் நல்லவர் என்று தனக்குத் தெரியும் என்றாள். "நல்லவர்ங்கறதுனாலதான் எங்கப்பா எங்கயும் எழுதி வைக்கல. ரசீது கேக்கல. அவர் கெட்டவரா இருந்திருந்தா என் பணம் இப்ப எங்கிட்ட இருக்கும்." அந்தக் கணத்தில் நான் முழுக்க முழுக்க ரெனேயின் பக்கம்.

பிறகு கோரீன். கையை உயர்த்திப் பிரமாணம் எடுத்தாள். அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். காலஹன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பெட்டிகள், சாவிகள், பொட்டலங்கள். காலஹனுக்கு அந்த எரிவாயுக் கதை தெரியாது, அதனால் அவர் கேட்கவில்லை. நீதிபதிக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"மிஸ் ஹால்வர்சன், நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். இவரு ஒருத்தர் பொட்டலத்த, அவரக் கேக்காம எடுத்து, இன்னொருத்தருக்குக் குடுத்ததா உங்களுக்கு நேரடியா எதாவது தெரியுமா?"

விடை அந்த அறையில் இருந்த நூறு பேருக்குத் தெரியும். ஒருவராவது பிரமாணம் எடுத்துச் சொன்னால்தான் அது சாட்சியம். டெல்மர் அவளைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

முடிவுகள்.

அ) கோரீன் எல்லாவற்றையும் சொல்கிறாள். சொன்ன கையோடு, கிளையை மூடச் சொன்ன அறிக்கை தன்னுடையது என்றும் சொல்கிறாள். காலஹன் அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்கிறார். கிடங்குக்குச் சீல். சனிக்கிழமை சுட்ட மான்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் நாற்பத்தொரு மைல் போகின்றன. (நேர்மையான முடிவு. எழுதி முடித்ததும் கோரீன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.)

ஆ) "தெரியாது" என்கிறாள். மனு தள்ளுபடி. கூட்டம் எழுந்து டெல்மரின் கையைக் குலுக்குகிறது. ரெனே தனியாகப் படியிறங்கிப் போகிறாள். அவளோடு காரில் எட்டு மணி நேரம் போகும் தைரியம் எனக்கு வரவில்லை. நாலு வரியில் நிறுத்திவிட்டேன்.

இ) கோரீன் பதில் சொல்வதற்குள் டெல்மர் எழுந்து, "அவங்கள ஏங்க கேக்கறீங்க, என்னக் கேளுங்க" என்று—

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கண்கூடக் கலங்கியது. ஆனால் நடக்கவில்லை. டெல்மர் அசையவில்லை. பயந்திருந்தார். அறுபத்து நாலு வயதில் ஒரு மனிதர் பயப்படக் கூடாதா?

8

உண்மையில் கோரீன் பதில் சொன்னாள். ஒரே வாக்கியம். நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. நானே பதிந்தேன். அப்படியானால் அதை எடுத்து இங்கே ஒட்ட வேண்டியதுதானே என்பீர்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தள்ளிப் போட்டது போதும்.

பத்து மணிக்கு முத்திரை குத்தினேன். அந்த மனு ரகசியம், நோட்டீஸ் போய்ச் சேரும் வரை வெளியே மூச்சுவிடக் கூடாது. பத்தே முக்காலுக்குப் பல்வலி என்று சொல்லிவிட்டு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினேன். பதினொன்றே கால் மணிக்கு கிரன்டாலில் இருந்தேன். எனக்கும் அங்கே பெட்டி உண்டு. நான் கறி சாப்பிடுவதில்லை. ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கும் இந்தியக் கடையிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அள்ளிக்கொண்டு வரும் தேங்காய்த் துருவல், முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, இவைதான் என் பெட்டியில் இருக்கும். இவற்றோடு நான்கு கல்லீரல். மகளின் கல்லூரிக்கு என்று சேர்த்தது. கணக்கில் காட்டாத பணம் ஒன்றுமில்லை. வங்கி தூரம், அவ்வளவுதான்.

தேங்காயைத் தொடவில்லை. நான்கு கல்லீரலை மட்டும் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், கதவருகே டெல்மர் நிற்கிறார். நீதிமன்ற குமாஸ்தா, வேலை நாள், வேலை நேரம், கையில் கல்லீரல் மட்டும். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறியது.

"எப்ப வர்றாங்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. ரகசியமாம். அந்த நேரத்தில் எனக்கு விதி ஞாபகம் வந்தது.

"சரி, உங்களச் சங்கடப்படுத்தல," என்றார். "தரை வழுக்கும், பார்த்துப் போங்க. குடுங்க, நான் கொண்டாந்து வைக்கறேன்." என் பையை வாங்கிக்கொண்டு போய்க் கார் சீட்டில் வைத்தார்.

நோட்டீஸ் வருவதற்கு முக்கால் மணி நேரம் இருந்தது. தொலைபேசி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் ஊரைக் கூப்பிடவில்லை. தன் மனைவியைக்கூடக் கூப்பிடவில்லை. மதியம் காவலர் நோட்டீஸோடு போனபோது நூற்று எண்பது பெட்டியில் என்னுடையதைத் தவிர மற்றவையெல்லாம் இருந்தபடியே இருந்தன. வியாழக்கிழமை நீதிமன்றத்திலும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வணக்கம் வைத்தார், பல்வலி தேவலையா என்று கேட்டார். நான் வெட்கத்தில் செத்தேன்.

இப்போது பாருங்கள். கோரீன் மறைத்தாள் என்று நான் எழுதினால் எனக்கு ஒரு துணை கிடைக்கும். சொல்லிவிட்டாள் என்று எழுதினால், டெல்மரின் கடை போனது அவளால் என்று ஆகும், என் செவ்வாய்க்கிழமையை யாரும் கவனிக்க மாட்டார்கள். எப்படி எழுதினாலும் எனக்கு அதில் ஆதாயம் இருக்கிறது. ஆதாயம் உள்ளவன் தீர்ப்பு எழுதக் கூடாது. லிண்ட்ஹோம் விலகவில்லை. அது அவர் பாடு. நான் விலகிக்கொள்கிறேன். இந்தக் கதையின் முடிவை எழுதும் பொறுப்பிலிருந்து என்னை நானே நீக்கிக்கொண்டு, வழக்கை உங்களுக்கு மாற்றுகிறேன்.

நீதிபதி கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டார். கோரீன் ஒரு வாய் தண்ணீர் குடித்துக் கோப்பையைக் கீழே வைக்கிறாள். மூன்றாம் வரிசையில் ரெனே. அவளுக்கு முன்னால் டெல்மர். நீங்கள் சொல்வதைத்தான் கோரீன் சொல்லப் போகிறாள், அதன்படிதான் கிடங்கு திறந்திருக்கும் அல்லது மூடும்.

சொல்வதற்கு முன்னால், நீதிபதி சொன்ன மாதிரி நீங்களும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். மனுவின் மேல் அன்று நீங்கள் முத்திரை குத்தியிருந்தால், பத்தே முக்காலுக்கு எங்கே இருந்திருப்பீர்கள்?